டெலீனா ஒன்பது

புயலுக்குப் பெயர் வைக்கிறவர்கள் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன். அவர்களிடம் ஆறு பட்டியல்கள் இருக்கின்றன. வருஷத்துக்கு ஒன்று. ஆறும் முடிந்தால் மறுபடி முதலாவது. ஊரையே வாரிக்கொண்டு போன புயலாக இருந்தால் அந்தப் பெயரை அடித்துவிட்டுப் புதிதாக ஒன்று போடுவார்கள். சாதுவாக வந்து போனவற்றின் பெயர்கள் அப்படியே இருக்கும், ஆறு வருஷம் கழித்துத் திரும்பி வரும்.

இருபது வருஷமாக எங்கள் துறைமுகத்து வானொலியில் புயல் அறிக்கை வாசிக்கிறவள் என்பதால் இந்த விவரமெல்லாம் எனக்கு அத்துப்படி. ஊர்க்காரர்களுக்குப் பட்டியல் கிட்டியல் ஒன்றும் தெரியாது. டெலீனாவை மட்டும் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் டெலீனா வருகிறாள் என்று எல்லோரும் மூட்டை முடிச்சோடு மேட்டுத்தெருப் பள்ளிக்கூடத்தில் போய் ஒண்டினார்கள். அவள் கரைக்குக் கிட்டே வந்து, என்ன நினைத்தாளோ, திரும்பி ஆழ்கடலுக்குப் போய்விட்டாள். அடுத்த சுற்றில் இரண்டாவது டெலீனா. அது பாதி வழியிலேயே கரைந்து வெறும் மழையாகிவிட்டது. என் அக்கா மொட்டை மாடியில் காயப்போட்ட துணி நனைந்ததுதான் அன்றைய சேதம்.

அதனால் மூன்றாவது முறையாக அந்தப் பெயரை நான் வாசித்தபோது துறைமுகத் தெருவே சிரித்தது. "டெலீனாவா? நம்ம பொண்ணாச்சே! வருவா, வாசல்ல நின்னு எட்டிப் பாப்பா, காப்பி கூடக் குடிக்காம போயிடுவா" என்று பேசிக்கொண்டார்கள். வலைக் கடைக்காரர் கடைப் பலகையில் 'வருக டெலீனா' என்று சாக்பீஸால் எழுதியே வைத்துவிட்டார். கொழுப்பு.

சிரித்தவர்களில் முதல் ஆள் என் அத்தான். அக்காவின் வீட்டுக்காரர். துறைமுகத் தெருவின் கடைசியில், படகுகள் கட்டும் இடத்துக்கு எதிரே ஐஸ் பேக்டரி வைத்திருந்தார். மீன் பெட்டிகளுக்கு ஐஸ் அங்கிருந்துதான் போகும். டீசல் மெஷின் ஓடுகிற சத்தத்திலேயே முப்பது வருஷம் வாழ்ந்தவர், வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். ரகசியம் சொன்னால் தெருமுனை வரைக்கும் கேட்கும். மெஷின் அறையில் உயரத்தில் ஒரு பலகை அடித்து ரேடியோ வைத்திருந்தார். எங்கள் நிலையத்தைத் தவிர வேறெதையும் அது பாடியதில்லை. மெஷின் ஓடும்போது ரேடியோவில் ஒரு சொல் கேட்காது. ஆனாலும் அணைக்க மாட்டார்.

"கேக்கவே கேக்காது, எதுக்கு அத்தான் பேட்டரிய வீணடிக்கிறீங்க?" என்று ஒருதரம் கேட்டேன்.

"நீ பேசிட்டு இரு ரேடியோ. கேக்கணும்னு என்ன இருக்கு? நம்ம வீட்டுப் பொண்ணு பேசிட்டிருக்கான்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றார்.

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் 'ரேடியோ'தான். பேக்டரியைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது மட்டும் ரேடியோவை அணைப்பார். அதற்கு முன்னால் குழாய்களில் ஓடுகிற அம்மோனியா வாயுவை எல்லாம் தொட்டிக்குத் திருப்பி, வால்வுகளை ஒவ்வொன்றாக இறுக்கி மூடுவார். அது கசிந்தால் தெருவே மூச்சு முட்டிச் சாகும் என்பார். மூடாமல் அவர் வெளியே வந்ததாகச் சரித்திரமே கிடையாது. அக்கா வாசலில் நின்று கத்தினாலும் சரி, கல்யாண வீட்டுக்கு நேரமானாலும் சரி.

புயலுக்கு முந்தின நாள் நான் பேக்டரிக்கே போய்ச் சொன்னேன்.

"அத்தான், இந்தத் தடவ விளையாட்டு இல்ல. கடல் தெருவுக்குள்ள வரும்னு சொல்றாங்க. அக்காவக் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிடுங்க."

"யாரு, டெலீனாவா? அவ ரெண்டு தடவையும் நம்மள ஏமாத்துனவ. மூணாவது தடவ மட்டும் சொன்ன சொல்லக் காப்பாத்துவாளா?"

"இது வேற புயல் அத்தான்."

"பேர் அதேதானே?"

எனக்கு எரிச்சலாக வந்தது. "நீங்க வர்றீங்களா, இல்ல நான் போலீஸக் கூட்டிட்டு வரட்டுமா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இங்க பாரு. நீ இங்க வந்து சொன்னா நீ என் மச்சினிச்சி. மச்சினிச்சி சொன்னதைக் கேட்டு எவனாவது கடைய மூடுவானா? அதையே ரேடியோல சொல்லு, அது அரசாங்கம். நீ போன்னா போறேன், வான்னா வர்றேன். போதுமா?"

மறுநாள் காலை அறிக்கையில், துறைமுகத் தெரு மக்கள் உடனே வெளியேற வேண்டும் என்று வாசித்தேன். அத்தான் சொன்னபடியே வாயுவைத் தொட்டிக்கு அனுப்பி, வால்வுகளை மூடி, ரேடியோவை அணைத்து, அக்காவோடு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். அவர் பூட்டுவதைப் பார்த்ததும் தெருவில் பாதிப் பேர் பூட்டினார்கள். மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு போன் வேறு. டிபன் டப்பாவை மெஷின் அறை ஸ்டூல் மேலேயே மறந்துவிட்டாராம், அக்கா காலையிலிருந்து காய்ச்சுகிறாளாம், சாம்பல் கலர் சட்டையில் மேல் பட்டன் இல்லாததற்கும் சேர்த்துத் திட்டு விழுகிறதாம், புயலே தேவலையாம். நான் சிரித்துவிட்டு போனை வைத்தேன். நிம்மதியாக இருந்தது. அத்தான் மேட்டில் இருக்கிறார், இனி எந்த டெலீனா வந்தால் என்ன?

எங்கள் நிலையத்தில் வேலை நடக்கிற விதத்தைச் சொல்லிவிட வேண்டும். வானிலை அலுவலகத்திலிருந்து அறிக்கை வரும். நான் அதை வாசித்துப் பதிவு செய்வேன். ஆப்பரேட்டர் அதற்குப் புயலின் பெயரையும் அறிக்கையின் எண்ணையும் போட்டு மெஷினில் ஏற்றுவார். டெலீனா ஏழு, டெலீனா எட்டு என்று. அடுத்த அறிக்கை வருகிறவரை அதுவே திரும்பத் திரும்ப ஒலிக்கும். நாங்கள் வேலைக்கு வந்த காலத்திலிருந்து இதுதான் வழக்கம். வருஷம் போடுகிற வழக்கமே இல்லை. ஒரு பெயருக்கு ஒரு புயல்தான் என்று நினைத்திருந்த காலம். பிறகு பழைய டேப்புகளையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது, டேப்பின் முதுகில் என்ன எழுதியிருந்ததோ அதையே அப்படியே பெயராகப் போட்டு ஏற்றினார்கள். இரண்டாவது டெலீனா நாலாவது அறிக்கையோடு அடங்கிவிட்டதால் எந்தக் குழப்பமும் வரவில்லை. அந்த நாலைப் போட வேண்டிய நேரத்தில் பழைய நாலைப் போட்டிருந்தாலும் மழை மழைதான்.

ஆப்பரேட்டருக்கு நான் வைத்த பெயர் நிதானம். தீப்பிடித்தால்கூட நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுத்தான் எழுந்திருப்பான். பதினைந்து வருஷத்தில் ஒரு தப்பு செய்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு ஒன்பதாவது அறிக்கைதான் மோசமானது. புயல் வேகம் பிடித்துவிட்டது, மாலைக்குள் கரையைக் கடக்கும், கடல் நீர் ஆளுயரத்துக்குத் துறைமுகத் தெருவில் புகும், முகாமை விட்டு யாரும் வெளியே வரக்கூடாது என்று இருந்தது. நான் பதிவு செய்து முடித்த கையோடு கரண்ட் போனது. ஜெனரேட்டர் போட்டார்கள். கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி உயிர் பெற்றது, நிதானம் அறிக்கையைத் தேடி ஏற்ற உட்கார்ந்தான். நான் தொண்டை காய்ந்துபோய், பின்பக்கம் இருந்த சின்னச் சமையலறையில் டீ போட்டுக்கொண்டு நின்றேன். மழை அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது. சாவு மழை, விடாமல் பெய்திருக்கக் கூடாதா?

நடையில் இருந்த ஒலிபெருக்கியில் என் குரல் வந்தது.

"டெலீனா புயல் வடகிழக்குத் திசையில் திரும்பி ஆழ்கடலுக்குச் சென்றுவிட்டது. துறைமுகப் பகுதிக்கு இனி ஆபத்து இல்லை. முகாம்களில் தங்கியிருப்பவர்கள் வீடு திரும்பலாம்."

எனக்கு உடனே உறைக்கவில்லை. இவ்வளவு தெளிவாக வாசிக்கிறாளே, யார் இவள் என்றுதான் முதலில் தோன்றியது. கரகரப்பே இல்லாத குரல். இரண்டாம் முறை 'வீடு திரும்பலாம்' என்று கேட்டபோதுதான் அது என் பழைய குரல் என்று புரிந்தது. டீயை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

"என்னத்தையா போட்டிருக்க?"

நிதானம் நிமிர்ந்து பார்த்தான். "டெலீனா ஒன்பது மேடம்."

"எந்த டெலீனா?"

அவன் திரையைப் பார்த்தான். ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு டெலீனா ஒன்பது இருந்தன. "ஐயோ" என்றான்.

"நிறுத்து. மைக்கக் குடு."

நேரலையில் உட்கார்ந்தேன். பழக்கதோஷம், வாசிக்கிற குரல்தான் வந்தது. "சற்று முன் ஒலிபரப்பான அறிக்கை பழையது. அதைப் பொருட்படுத்த வேண்டாம். புயல் மாலைக்குள் கரையைக் கடக்கும். முகாமை விட்டு யாரும் வெளியேற வேண்டாம்." இரண்டு தரம் வாசித்தேன். வாசித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியை.

"அம்மா, எத நம்புறது? ரெண்டும் உங்க குரல்தான். முதல்ல போகலாம்னீங்க, இப்ப போகாதீங்கன்றீங்க. இதுதான் பழைய டேப்புன்னு பாதிப் பேரு சொல்றாங்க. மழை வேற நின்னு போச்சா, ஜனங்க கிளம்பிட்டே இருக்காங்க. நான் கேட்ல நின்னு கத்துறேன், யாரு கேக்குறா?"

"எங்கக்காகிட்ட குடுங்க."

அக்கா வந்தாள். "என்னடி இப்படிக் குழப்புற? அவர் போயிட்டாரே!"

"எங்க?"

"எங்கன்னா? பேக்டரிக்குத்தான். நாளைக்குப் படகு எல்லாம் கிளம்பும், ஐஸ் வேணும், இப்பவே மெஷினப் போட்டாத்தான் ஆகும்னாரு. இருங்க, மழை நல்லா விடட்டும்னேன். உன் தங்கச்சியே சொல்லிட்டா, இன்னும் என்னன்னு கிளம்பிட்டாரு. ரேடியோக்காரம்மா அத்தானே போறாருன்னு அவர் பின்னாலயே ஒரு கூட்டம் போகுது."

"போன் பண்ணு!"

"போன் இங்க சார்ஜ்ல கெடக்குடி!"

போனை வைத்தேன். அத்தான் பேக்டரிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். கதவைத் திறந்ததும் முதல் வேலையாக ரேடியோவைப் போடுவார். இரண்டாவது வேலை வால்வுகளைத் திறப்பது. மூன்றாவது மெஷினை ஓட்டுவது. மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அவருக்குக் கேட்காது. அதற்குள் சொல்ல வேண்டும். வாசிக்கிற குரலில் சொல்லிப் பயனில்லை. அந்தக் குரலில்தான் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாலும் சொன்னேன்.

ஒலிபரப்பில் தனி ஆளைக் கூப்பிட்டுப் பேசக்கூடாது என்பது நிலையத்தின் விதி. புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறவளே நான்தான். நிதானத்தைப் பார்த்தேன். அவன் ஒலியைக் கூட்டி வைத்தான்.

"அத்தான்! ஐஸ் பேக்டரி அத்தான், உங்களத்தான்! ரேடியோ பேசுறேன். டேப் இல்ல, நானே பேசுறேன். முதல்ல வந்தது பன்னெண்டு வருஷத்துக்கு முந்தின டெலீனா. எங்காளு தெரியாம போட்டுட்டான். இப்ப வர்றவ வேற. பேர் ஒண்ணா இருந்தா ஆள் ஒண்ணாயிடுமா? நம்ப மாட்டீங்கல்ல? சரி கேளுங்க. இன்னைக்குக் காலையில சாம்பல் கலர் சட்டை போட்டுக்கிட்டு, மேல் பட்டன் இல்லாம, எங்கக்காகிட்ட மண்டகப்படி வாங்குனீங்களா இல்லியா? டிபன் டப்பாவ மெஷின் ரூம் ஸ்டூல் மேல மறந்துட்டேன்னு எனக்கு போன் போட்டுப் புலம்புனீங்களா இல்லியா? இதப் பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி எவனாவது டேப் பண்ணி வெச்சிருப்பானா? மெஷினப் போடாதீங்க. போட்டீங்கன்னா நான் கத்துறது உங்களுக்குக் கேக்காது. அந்த டப்பா கெடந்தா கெடக்கட்டும், ஐஸ் உருகுனா உருகட்டும், நீங்க எந்திரிச்சு வாங்க. போன்னா போறேன், வான்னா வர்றேன்னு சொன்னீங்கல்ல? வான்றேன். வாங்க அத்தான். வலைக் கடைக்காரரே, நீங்களும்தான். சாக்பீஸால எழுதத் தெரியுதுல்ல, காது கேக்காதா? அவர் பின்னாடி போற அத்தன பேரும் திரும்புங்க. அங்க என்னய்யா வெச்சிருக்கு உங்களுக்கு? கடல் வருதுய்யா!"

மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். எத்தனை தரம் என்று நினைவில்லை. தலைமையாசிரியை மறுபடி கூப்பிட்டபோது நிதானம்தான் எடுத்தான். ஜனங்கள் திரும்பிக்கொண்டிருக்கிறார்களாம். தெருவில் யாரோ ஒருவர் கையில் சின்ன ரேடியோவைத் தூக்கிப் பிடித்து, "டேய், இது இப்ப நடக்குறதுடா, எவ டேப்புல இப்படித் திட்டுவா?" என்று கத்தினாராம். வலைக் கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாராம். ஒவ்வொருவராக வரவர அவரவர் பெயரைச் சொல்லி எண்ணினார்கள். முன்னால் போனவர்களில் அத்தானைத் தவிர எல்லோரும் வந்தாயிற்று.

பத்தாவது அறிக்கை வந்தது. வாசித்தேன். பதினொன்று வந்தது. வாசித்தேன். கடல் துறைமுகத் தெருவுக்குள் வந்துவிட்டது என்பதும் என் வாயால் வாசித்ததுதான்.

தண்ணீர் வடிந்தபின் துறைமுகத் தொழிலாளர்கள்தான் அவரைக் கண்டார்கள். தெரு முடிந்து மேட்டுக்கு ஏறுகிற படிக்கட்டின் அடியில். இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. டிபன் டப்பாவின் கைப்பிடி கயிற்றால் இடுப்போடு கட்டியிருந்தது. கெடக்கட்டும் என்றுதான் சொன்னேன். எடுத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்ட?

பேக்டரியைப் போய்ப் பார்த்த இன்ஜினியர் எங்களிடம் வந்து சொன்னார். வால்வுகளைத் திறந்த அடையாளம் இருந்ததாம். குழாய்களில் வாயு வந்த தடம் இருந்ததாம். ஆனால் மெஷின் ஓடவில்லை. எல்லா வால்வுகளும் மறுபடி இறுக்கி மூடியிருந்தன. பலகை மேல் தண்ணீர் ஏறவில்லை, ரேடியோ அணைத்திருந்தது. "திறந்து போட்டுட்டு ஓடி வந்திருந்தாத் தப்பிச்சிருப்பார்மா" என்றார். "ஆனா குழாய் உடைஞ்சு வாயு மேட்டுக்கு வந்திருக்கும். ஸ்கூல் காத்து வாக்குலதான் இருக்கு."

ஆக, நான் பேசியதைக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, ஒவ்வொரு வால்வாக மூடிவிட்டு, டப்பாவைக் கட்டிக்கொண்டு, ரேடியோவை அணைத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார். ரேடியோவை அணைக்கிற நேரத்தில்கூட ரெண்டு படி ஏறியிருக்கலாம். அவருக்கு எப்போதும் அப்படித்தான், எதையும் முறைப்படி செய்தாக வேண்டும். நான் அவரை நினைத்து அழுததைவிட அவரைத் திட்டி அழுததுதான் அதிகம்.

நிதானம் வேலையை விடப்போவதாக வந்து நின்றான். அவனை நாலு அறை அறையலாம் போலத்தான் எனக்கும் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

"நீ போயிட்டா புதுசா ஒருத்தன் வருவான்" என்றேன். "அவன் இதே தப்பப் பண்ணுவான். நீ இனிமே செத்தாலும் பண்ண மாட்ட. போய் வேலையப் பாரு. முதல்ல எல்லாத்துக்கும் வருஷத்தப் போடு."

அவன் முப்பது வருஷத்துப் பதிவுகளுக்கும் வருஷம் போட்டான். அந்தப் பழைய ஒன்பதை அழித்துவிடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அதன்மேல் என்ன குற்றம்? வாசித்த அன்றைக்கு அது உண்மைதான்.

அக்கா என்னோடு பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், எனக்கு அது வரும். அவள் சும்மா இருந்தாள். நான் போனால் கதவைத் திறப்பாள், தண்ணீர் கொடுப்பாள், உள்ளே போய்விடுவாள். இன்ஜினியர் கொண்டுவந்து கொடுத்த ரேடியோவைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாள். அந்த வீட்டில் அதற்குப்பிறகு என் குரல் ஒலிக்கவில்லை. ஒருநாள் மட்டும், நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து "உன் தங்கச்சியே சொல்லிட்டான்னுதாண்டி போனாரு" என்றாள். அது எனக்குத் தெரியாதா? அதைத்தானே நான் ராவும் பகலும் சுமந்துகொண்டிருந்தேன்?

வருஷக் கடைசியில் பெயர்க்காரர்கள் கூடினார்கள். அந்த வருஷத்துப் புயல்களில் இரண்டு பெயர்களை எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. நான்தான் வாசித்தேன். இரண்டில் டெலீனா இல்லை. வாசித்து முடித்ததும் வானிலை அலுவலகத்துக்கு போன் போட்டேன்.

"டெலீனாவ ஏன் சார் எடுக்கல?"

"பெரிய சேதம் இருந்தாத்தான் மேடம் எடுப்பாங்க. டெலீனால மொத்தமே ஒரு உயிர்தானே?" என்றார் அதிகாரி. பாவம், அவருக்கு என்ன தெரியும்? நான் வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் போனை வைத்தேன். என் வாழ்க்கையில் அப்படி வைத்தது அது ஒருமுறைதான்.

வேறு யாராவது சொல்லி அக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்று அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்விடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வாசலிலேயே ஆரம்பித்தேன்.

"அந்தப் பேர எடுக்கலியாம்க்கா. ஆறு வருஷம் கழிச்சுத் திரும்ப வரும்."

"ஏன் எடுக்கல?"

"ஒருத்தர்தான் போனாராம். அது பத்தாதாம்."

அக்கா ஒரு துண்டை உதறி மடித்தாள். "ஒருத்தர்தான்" என்றாள். "எனக்கும் ஒருத்தர்தானடி இருந்தாரு."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் உள்ளே போகவில்லை. மடித்த துணியில் பாதியை என் பக்கம் தள்ளினாள், நானும் மடிக்க ஆரம்பித்தேன்.

"எங்க டைரக்டர் சொல்றாரு" என்றேன். "அடுத்த தடவ அந்தப் பேர் வந்தா நான் வாசிக்க வேணாமாம். எனக்குக் கஷ்டமா இருக்குமாம். வேற ஆளப் போடறேன்றாரு. நானும் சரின்னுதான் நெனச்சிட்டிருக்கேன்."

"வேற யாரு?"

"புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கு. நல்லா வாசிக்குது."

"நல்லா வாசிச்சு? எவளோ ஒருத்தி நல்லா வாசிக்கிறான்னு நான் வீட்டப் பூட்டிட்டு மழையில எந்திரிச்சுப் போவேனா?" அக்காவின் குரல் உயர்ந்தது. மாதக்கணக்கில் கேட்காத குரல். "அன்னைக்கு அத்தன பேரு திரும்பி வந்தது எதுக்கு? நீ கத்துன கத்துக்குத்தானே? அந்த மனுஷன் மெஷினப் போடாம வெளிய வந்தது எதுக்கு? நீ கூப்பிட்டேன்னுதானே? நீயே சொல்லு. நீ சொன்னாத்தான் நான் போவேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதேன். அவளும் அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வாசிக்காத" என்றாள். "அன்னைக்கு மாதிரி திட்டு."

பிறகு எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பரணிலிருந்து அந்தத் துணி மூட்டையை இறக்கினாள். ரேடியோவைத் திருப்பிப் பின்மூடியைத் திறந்து பார்த்தாள். பேட்டரி பொரிந்து போயிருந்தது. பெரிய சைஸில் இரண்டு வேண்டும் என்றாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனேன்.